தனித் தட்டு

எங்கள் வீட்டில் என் கணவருக்கு மட்டும் ஒரு தனித் தட்டு இருந்தது. எவர்சில்வர் தட்டுதான், மற்றவற்றைவிடக் கொஞ்சம் கனம். மாறிப் போய்விடக் கூடாதென்று என் மாமியார் அதன் அடிப்புறத்தில் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறி வைத்திருந்தார். கூடவே ஒரு தம்ளர். கழுவிய பாத்திரங்களோடு சேராமல் அவை இரண்டும் அடுப்படி ஜன்னலில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். சம்பாதித்துப் போடுகிற மனிதர், தன் வீட்டில், தன் அம்மா கையால், ஒதுக்கி வைத்த தட்டில் சாப்பிட்டார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்தத் தட்டு ஏன் வந்தது என்பதைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதுகூட முழு உண்மையில்லை. எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்குவேன், மடித்த துணியை உதறி மடிப்பேன். இதை எழுதும்போதே இரண்டு முறை எழுந்துபோய்ப் பால் பொங்குகிறதா என்று பார்த்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள். எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் வாக்கப்பட்டேன். இரண்டு ஊருக்கும் நடுவே தூரமென்று ஒன்றுமில்லை. கோபம் வந்தால் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அம்மா, "வந்த கால்லயே திரும்பு, அவிய தேடுவாக" என்பாள். காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி விடுவேன். அந்தத் தடத்துக் கண்டக்டர்களுக்கு என் கோபமெல்லாம் பழக்கம்.

என் கணவருக்குப் பேண்டேஜ் துணி வியாபாரம். சத்திரப்பட்டிப் பக்கத்துத் தறிகளில் நெய்ததை வெளுத்து, சுருட்டி, சாம்பிள் பையோடு வடக்கே போவார். நாக்பூர், கான்பூர், பம்பாய் என்று சுற்றிவிட்டு வர ஒரு மாதம் ஆகும், மேலும் ஆகும். எங்கள் தெருவில் அப்படி வடக்கே போகிற ஆண்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுடைய மனைவிமாரைக் குழாயடியில் கேலி செய்வது ஒரு வாடிக்கை. "ஒம் புருசனுக்கு அங்கன ஒரு வீடு இருக்காம்ல" என்பார்கள். "இருந்துட்டுப் போகட்டும், அவளாவது வெந்நி வச்சுக் குடுப்பா" என்று நானும் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்குவேன்.

முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் போனது. எல்லாருக்கும் நடப்பதுதான் என்றார்கள். அடுத்தது ஐந்தாம் மாதத்தில் போனது. மாமியார் சூடு என்றார். அவர் கணக்கில் உலகத்து நோய் எல்லாவற்றுக்கும் காரணம் சூடுதான். வெந்தயத்தை ஊறவைத்து முழுங்கச் சொன்னார், தலையில் விளக்கெண்ணெய் வைத்தார், பப்பாளி, எள்ளு, கருப்பட்டி எதையும் என் கண்ணில் காட்டவில்லை. கொடுமைக்காரி என்று சொல்ல மாட்டேன். பிள்ளை வேண்டுமென்ற ஆசையில் என்னை மூன்று வேளையும் குளிர வைத்தார்.

மூன்றாவது தங்கிவிட்டது என்றே நினைத்தோம். ஏழாம் மாதம் வளையல் போட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அம்மா கோயில் மாலை கொண்டுவந்து போட்டாள். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல், அசைந்தால் கலகலவென்று சத்தம். பிள்ளைக்கு அந்தச் சத்தம் கேட்கும் என்பார்கள். ஒரு நாள் காலையில் எனக்கு வளையல் சத்தம் மட்டும்தான் கேட்டது. உள்ளே அசைவில்லை. மத்தியானம் வரை கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன்.

ஆண் பிள்ளை. முகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். காட்டவில்லை. இன்றுவரை அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை.

அப்போதுதான் பிரசவம் பார்த்த லேடி டாக்டர் என் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். பிள்ளை தங்காதவர்களுக்கு அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் எடுக்கிற சோதனைதான், வி.டி.ஆர்.எல். என்று சொல்வார்கள். முடிவு வந்ததும் நர்ஸை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கேட்டார். "வீட்டுக்காரர் என்ன தொழில்?"

"பேண்டேஜ் துணி. வடக்க போவாக."

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "உன் மேல தப்பில்லம்மா. இது ஆம்பிளைங்க வெளியில போய் வாங்கிட்டு வர்ற நோய். பிள்ளை தங்காம இருக்கிறதுக்கு இதுதான் காரணம். அவர் வந்ததும் கூட்டிட்டு வா, அவருக்கும் டெஸ்ட் பண்ணணும்."

மேகநோய். எங்கள் ஊரில் அந்தச் சொல்லை வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். நான் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பாமல் பஸ் ஏறி அம்மாவிடம் போனேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. குழாயடிக் கேலி ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. வெந்நீர் வைத்துக் கொடுக்கிறவளுக்கு என் மனதில் ஒரு முகம்கூட வந்துவிட்டது. சிவப்பாக, மூக்குத்தியோடு.

அவர் நாக்பூரிலிருந்து வந்து இறங்கியதும் சொன்னேன். திருதிருவென்று விழித்தார். "நானா? நான் எங்கயும் போகலயே" என்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மறுநாள் தனியாகப் போய் ரத்தம் கொடுத்தார். முடிவு வாங்கவும் தனியாகத்தான் போனார். சாயங்காலம் வந்து சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் அதன் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்தார்.

அந்த நேரம் மாமியார் அடுப்படியில் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். தளவாய்புரத்தில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண் இருப்பதாகவும், பேசி வைப்பதில் தவறில்லை என்றும் என்னையே சம்மதிக்க வைத்துக்கொண்டிருந்தார். "ஒன்னைய ஒண்ணும் வெரட்டலட்டி. நீயும் இரு, அவளும் இருக்கட்டும். எனக்கு ஒரு பிள்ளை வேணும்ல."

என் கணவர் நிலைப்படியில் நின்று கேட்டார். பிறகு சொன்னார். "அந்தப் பேச்ச விடும்மா. கோளாறு எனக்குத்தான். வடக்க போன எடத்துல வந்தது. எவளக் கட்டுனாலும் இதான் கதி."

மாமியார் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்குத்தான் அந்தத் தட்டு தனியாக வந்தது. தளவாய்புரத்துப் பேச்சு அதோடு நின்றது.

அவர் ஒப்புக்கொண்டதை வைத்தே இரண்டு பேருக்கும் பென்சிலின் ஊசி போட்டார்கள். கெட்டியான மருந்து, போட்ட இடம் கல்லாகிவிடும். அவர் நொண்டிக்கொண்டே தறிக்குப் போய்வந்தார். நொண்டட்டும் என்றுதான் இருந்தது எனக்கு. அதில் என்மேல் என்ன தப்பு? தானாகவே ஒப்புக்கொண்ட மனிதரை நான் எதற்காக நல்லவர் என்று நினைக்க வேண்டும்? அவருடைய துணியைத் தனி வாளியில் ஊறவைத்தேன். பேச வேண்டியதை மட்டும் பேசினேன். அவர் வடக்கே போவதை விட்டார். வேறு ஆளை அனுப்பிவிட்டு, வெளுப்புப் பட்டறையை மட்டும் பார்த்துக்கொண்டார். விடிந்தால் பட்டறை, அடைந்தால் வீடு.

கோபம் என்பது எவ்வளவு நாள்தான் சூடாகவே இருக்கும். சில வருடம் கழித்து மறுபடி உண்டானேன். நோய்தான் தீர்ந்ததே, இந்தத் தடவை நிற்கும் என்று லேடி டாக்டரும் தைரியம் சொன்னார். ஐந்தாம் மாதம் அதுவும் போனது. ரத்தத்தைச் சோதித்தார்கள். அதே பாசிடிவ்.

டாக்டருக்குக் கோபமே வந்துவிட்டது. "மருந்து போட்ட பிறகும் இருக்குன்னா என்ன அர்த்தம்? திருந்தலைன்னு அர்த்தம்." என் கணவருக்கும் மறுபடி சோதனை எழுதிக் கொடுத்தார். மறுபடி தனியாகப் போனார், தனியாக வந்தார்.

"என்ன சொன்னாக?" என்றேன்.

"இருக்குன்னுதான்."

"மறுபடியும் போனீகளா?"

சுவரைப் பார்த்தார். "ஆமா."

"எப்ப?"

"போனேன், விடேன்."

அந்த "எப்ப"தான் என்னை உட்கார விடவில்லை. அந்த வருடங்களில் அவர் விருதுநகரைத் தாண்டியதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார். சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்து மணி சொல்லிவிடலாம். பொய் சொல்லித் தப்பித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பொய் சொல்லி நல்ல பேர் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லி மேகநோயை வாங்கிக்கொள்கிற மனிதரை யாராவது பார்த்ததுண்டா? ஆனால் ரத்தம் பொய் சொல்லுமா? சொல்லாது. அப்படித்தான் அப்போது நினைத்தேன். கிணற்றடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். "ஏட்டி, செத்த நேரம் உக்காரேன், பாக்கவே தலை சுத்துது" என்பார் மாமியார்.

தொண்ணூறுகள் தொடங்கியிருந்தன. அந்த நடைக்கும் ஒரு முட்டுக்கட்டை வந்தது. ஒரு நாள் காலையில் இடது கால் வீங்கியது. கெண்டைக்காலைத் தொட முடியவில்லை, சுடுகிறது. சுளுக்கு என்று மாமியார் எண்ணெய் தேய்க்க வந்தார். நல்லவேளை, தேய்ப்பதற்குள் என் கணவர் வந்து பார்த்துவிட்டுக் கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனார். காலின் நரம்புக்குள் ரத்தம் உறைந்துவிட்டது என்றார்கள்.

மதுரையில் என்னைப் பார்த்த டாக்டர் வயதானவர், காது கொஞ்சம் மந்தம். அதனால் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கால் சரியாகி வரும்போது, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். சொன்னேன். ஒவ்வொன்றும் எந்த மாதம் என்று கேட்டார். சொன்னேன். காரணம் என்ன சொன்னார்கள் என்றார். வார்டில் இத்தனை பேர் நடுவில் அந்தச் சோதனையின் பெயரை இரண்டு தடவை உரக்கச் சொன்னேன். அவருக்குக் கேட்டதோ இல்லையோ, பக்கத்துக் கட்டில்காரிக்கு நன்றாகக் கேட்டது.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கால்ல ரத்தம் உறையுது. பிள்ளை தங்க மாட்டேங்குது. இந்த டெஸ்ட்டும் பாசிடிவ். மூணும் ஒண்ணா இருக்குது பாருங்க" என்று தன்னோடு பேசுகிறவர் போலச் சொன்னார். என் ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வீட்டில் காத்திருந்தோம். நடக்கவும் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்னைப் போன்றவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

முடிவு வந்ததும் எங்கள் இருவரையும் அறையில் உட்கார வைத்துச் சொன்னார்.

"உங்களுக்கு அந்த நோய் இல்லை. எப்பவுமே இருந்ததில்லை."

டாக்டர் பொறுமையாக விளக்கினார். அந்தச் சோதனையில் கிருமியைத் தேடுவதில்லையாம். கிருமி வந்தால் அதை எதிர்க்க ரத்தத்தில் ஒரு பொருள் உண்டாகும், அதைத்தான் தேடுகிறார்கள். என் உடம்பில் அதே போன்ற ஒரு பொருள், எந்தக் கிருமியும் வராமலேயே உண்டாகியிருக்கிறது. உடம்பைக் காப்பதற்கென்று இருக்கிற எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் என் சொந்த உடம்பையே எதிர்த்துக்கொண்டிருக்கிறது. அதனால் ரத்தம் சீக்கிரம் உறைகிறது. காலிலும் உறையும், பிள்ளைக்குப் போகிற மெல்லிய குழாய்களிலும் உறையும். பிள்ளைக்குச் சாப்பாடு போய்ச் சேராது.

"வீட்டுக்கே கல் எறியிற காவக்காரன் மாதிரி" என்றார் என் கணவர் மெதுவாக.

"என்னது?" என்றார் டாக்டர். அவர் திருப்பிச் சொன்னார். "அதேதான்" என்று டாக்டர் சிரித்தார். பிறகு கேட்டார். "ஆமா, உங்களுக்கும் டெஸ்ட் பண்ணியிருப்பாங்களே. என்ன வந்தது?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இல்லைன்னு வந்துது."

"என்னது?"

"நெகடிவ், சார். ரெண்டு தடவையும்." இந்தத் தடவை உரக்கச் சொன்னார்.

டாக்டர் தலையாட்டிவிட்டு மருந்து எழுதத் தொடங்கினார். அவருக்கு அது ஒரு தகவல். எனக்குக் காது அடைத்துவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். திருமங்கலம் தாண்டும்வரை எனக்குள் ஒரே சந்தோஷம்: இந்த மனிதர் எங்கும் போகவில்லை, மூக்குத்திக்காரி என்று ஒருத்தி இல்லவே இல்லை. என் வாழ்க்கையைக் காப்பாற்றுவதற்காகப் பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார், ஊசி குத்திக்கொண்டிருக்கிறார், தனித் தட்டில் சாப்பிட்டிருக்கிறார். கல்லுப்பட்டியில் பஸ் நின்றது. டீ வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். அதை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் மீதிப் பாதி உறைத்தது. எனக்குப் பாசிடிவ். அவருக்கு நெகடிவ். அவரிடமிருந்து எனக்கு வரவில்லை என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படியானால் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்?

"என்னையப் பத்தி என்ன நெனச்சீக?" என்று கேட்டேன்.

"டீ ஆறுது" என்றார்.

கிருஷ்ணன்கோவில் போனது. மறுபடி கேட்டேன். வெளியே பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் நான் எழுந்து இறங்கிவிட்டேன். அம்மா வீட்டுக்குப் போகவில்லை. வீங்கின காலோடு ரத வீதியில் நடந்தேன். யாரை நினைத்திருப்பார்? பால்காரரையா? கேஸ் அடுப்பு பழுது பார்க்க வந்தவரையா? அவர் மாதக்கணக்கில் வடக்கே இருந்தபோது நான் வெந்தயம் முழுங்கிக்கொண்டு அவர் அம்மாவோடு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேனே. இந்த மனிதரின் காலில் விழுவதா, கழுத்தைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. தேர் நிற்கிற இடத்தில் திரும்பிப் பார்த்தேன். பின்னாலேயே வந்துகொண்டிருந்தார், என் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு.

"கால் வீங்கும். பஸ்ஸுக்குப் போவம்" என்றார்.

வீட்டுக்குப் போனதும் ஜன்னலில் இருந்த தட்டை எடுத்து அதில் சோற்றைப் போட்டு நான் சாப்பிட்டேன். மாமியார் பதறினார். "ஏட்டி, அதுல திங்காத." நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "ஒரு டாக்டரு உண்டுங்காரு, இன்னொருத்தரு இல்லைங்காரு. எம் மகனே சொன்னாம்ல." சாட்சி சொன்னவர் எழுந்து கை கழுவப் போனார். தட்டு மறுபடி ஜன்னலுக்கே போனது.

நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே வர வேண்டும், காலுக்குக் கொடுக்கிற மாத்திரை பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த வருடம் அப்படிப் போய் நின்றோம். மாத்திரையை நிறுத்தி, ரத்தம் உறையாமலிருக்கக் காலையும் மாலையும் வயிற்றில் ஒரு ஊசி போடச் சொன்னார்கள். கூடவே தினம் ஒரு சின்னத் துண்டு ஆஸ்பிரின். பெட்டிக்கடையில் தலைவலிக்கு விற்பார்களே, அதே மருந்து.

வந்தது வினை. "தலைவலி மாத்திரை தீச்சூடு. அத முழுகாம இருக்கறவ தின்னா பிள்ளை நிக்குமா? படிச்சவன் செய்ற வேலையா இது?" மாமியார் மாத்திரை அட்டையைத் தூக்கிக் கிணற்றில் போட்டார். நான் கத்தினேன், அவரும் கத்தினார். என் கணவர் போய் வேறு அட்டை வாங்கிவந்து சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். பட்டறைக்குப் போகும் முன் என் உள்ளங்கையில் வைத்து, முழுங்கும்வரை நிற்பார்.

ஊசியையும் அவரே போடக் கற்றுக்கொண்டார். தன் பட்டறைப் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து, தோலைக் கிள்ளிப் பிடித்து, மெல்லக் குத்துவார். வயிறெங்கும் நீலம் பாரித்துக் கிடந்தது. ஊசி உள்ளே இருக்கும்போது அவரால் எழுந்து போக முடியாது. அந்த நேரம் பார்த்துக் கேட்பேன். "சொல்லுங்க. அப்ப என்னையப் பத்தி என்ன நெனச்சீக?"

"ஆடாத. ரத்தம் கட்டிக்கிடும்."

காலையில் கேட்டால் அது, மாலையில் கேட்டாலும் அது. பிள்ளை நிற்குமா என்ற பயம் ஒரு பக்கம். இந்தப் பதில் வராமல் பிள்ளை வந்து என்ன செய்ய என்கிற கோபம் ஒரு பக்கம். ஏழாம் மாதம் வந்தது. வளையல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாமியார் வற்புறுத்தவில்லை. அந்த மாதம் முழுக்க அவர் வெந்தயமும் ஊறவைக்கவில்லை, மாத்திரையையும் திட்டவில்லை. நான் சாப்பிடும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து, "அசையுதா?" என்று கேட்பார். அசையுது என்றால் எழுந்து போய்விடுவார். செத்த நேரம் கழித்து வந்து மறுபடி கேட்பார். என்னைப் பிடித்த நடை நோய் அவரையும் பிடித்துவிட்டது.

எட்டாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறியது. மதுரையில் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் பிள்ளை. உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைதான் இருந்தாள். ஆனால் அழுதாள். பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் கேட்டது. அதைக் கேட்டு நானும் அழுதேன். முகத்தைக் காட்டுங்கள் என்று கேட்கும் முன்பே கொண்டுவந்து காட்டினார்கள்.

கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து வார்டுக்கு ஒரு சின்ன டாக்டர் வந்தார், புதிதாக வேலைக்கு வந்தவர் போல. நான் படுத்திருந்தேன். என் கணவரும் மாமியாரும் கட்டிலருகே இருந்தார்கள். கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே சின்ன டாக்டர், "குழந்தைக்கு வி.டி.ஆர்.எல். பாசிடிவ்னு வந்திருக்கு. அம்மாவுக்கும் இருக்கு. அப்பா யாருங்க இங்க?" என்றார்.

என் கணவர் எழுந்தார். தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்தார். பழக்கதோஷம், வாய் தன்னால் திறந்தது. "எனக்குத்தான் சார். வடக்க போன எடத்துல..."

"ஏலே, உக்காருலே" என்றார் மாமியார்.

வார்டே திரும்பிப் பார்த்தது. மாமியார் பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "அய்யா, இவனுக்கு ஒண்ணும் இல்ல. எம் மருமகளுக்கும் ஒண்ணும் இல்ல. அவ ரத்தம் ஆள் தெரியாமப் பேசுது. அது தாய்ட்ட இருந்து பிள்ளைக்கும் வந்துருக்கும். பெரிய டாக்டருட்டப் போய்க் கேளும்."

சின்ன டாக்டர் பெரிய டாக்டரிடம் போனார். அவர் போனதும் மாமியார் யாரையும் பார்க்காமல், பிள்ளையை எட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

கட்டிலருகே நாங்கள் இருவர்தான் இருந்தோம். ஊசி இல்லை, பஞ்சு இல்லை. எழுந்து போக வேண்டுமென்றால் அவர் போயிருக்கலாம். நான் கேட்கவும் இல்லை. துண்டை மடித்துக்கொண்டே அவராகச் சொன்னார்.

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிருவியோன்னு பயமா இருந்துச்சு. சொல்லிட்டா பொறவு நான் எங்க போறது? அதான் எனக்குன்னு சொல்லிட்டேன்."

ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது. கையைத் தூக்கினேன், தையல் இழுத்தது. தூக்கிய கையை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் அவர் தலையில் வைத்தேன். முடி பாதி நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று நான் கவனித்திருக்கவில்லை.

மகளுக்குச் சோறு ஊட்டுகிற நாளில் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வெள்ளிக் கிண்ணம் கொண்டுவந்தாள். மாமியார் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். அந்தத் தட்டை எடுத்து வந்து, சோற்றையும் பருப்பையும் நெய்யையும் போட்டு விரலால் நசுக்கிப் பிசைந்தார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "கிண்ணம் இருக்கே" என்றாள்.

"இது எம் மகன் தட்டு" என்றார் மாமியார்.

முதல் வாயை மகள் துப்பிவிட்டாள். இரண்டாவதை முழுங்கினாள். அவள் தின்றது போக மிச்சம் தட்டில் கொஞ்சம் இருந்தது. மாமியார் அதை வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். என் கணவர் எழுந்து, கண்ணில் தூசி விழுந்துவிட்டதென்று சொல்லி, கிணற்றடிக்குப் போனார். இந்த ஒரு பொய்யை நான் கேள்வி கேட்கவில்லை.